கியர் கம்புக்குப் பக்கத்து இடம்

எங்கள் பிக்கப்பின் முன்பக்கத்தில் மூன்று பேர் உட்காரலாம். வலது பக்கம் வண்டி ஓட்டுகிற என் வீட்டுக்காரர், இடது பக்கம் ஜன்னலோரத்தில் யாராவது ஒருவர், நடுவில் நான். அந்த வண்டியை வாங்கிய காலத்திலிருந்து நடுவிடம் எனக்குத்தான். ஆசைப்பட்டுப் பிடித்த இடமில்லை. தேயிலைத் தோட்டத்து ரோட்டில் வண்டி வைத்திருக்கிறவன் நடந்து போகிறவர்களைக் கண்டும் காணாததுபோல் கடந்து போக முடியாது. போனால் பொழுது சாய்வதற்குள் லயத்து வரிசை வீடுகள் பூராவும் பேச்சாகிவிடும். "வண்டி வந்ததும் அவங்களுக்குக் கண்ணு தெரியல" என்பார்கள். அதனால் பிள்ளையோடு நிற்கிறவள், மூட்டையோடு நிற்கிற கிழவர், பஸ்ஸைத் தவறவிட்ட டீச்சர் என்று யாரைக் கண்டாலும் அவர் பிரேக்கை மிதிப்பார். முதலில் இறங்கப்போகிறவர்கள் அவர்கள்தானே. அவர்களுக்கு ஜன்னலோரம், நான் நகர்ந்து நடுவே போவேன்.

நடுவிடத்தின் சங்கதி தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். அங்கே தரையிலிருந்து கியர் கம்பு எழும்பி நிற்கும். இரண்டாவது கியருக்கோ நான்காவது கியருக்கோ அதைப் பின்னால் இழுத்தால் நேரே என் வலது முழங்காலில் வந்து இடிக்கும். ஹட்டன் பக்கத்து ரோடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? வளைவுக்கு வளைவு கியர் மாற்றியாக வேண்டும். ஆரம்பத்தில் முட்டி நீலம் பாரித்துப் போய் வீடு திரும்புவேன்.

"கியரப் போடுறீங்களா, என்னயப் போடுறீங்களா?" என்று கத்துவேன்.

"நீதான் புள்ள அந்தக் காலக் கொஞ்சம் ஒதுக்கணும். கம்பு எங்க போவும், பாவம்!" என்பார்.

கம்புக்குப் பாவம் பார்த்த மனுசன் அவர்.

பிறகு பழகிவிட்டது. ஸ்டியரிங்கிலிருந்து அவர் இடது கை இறங்கினாலே என் முட்டி தானாக இடது பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். நான் வடை தின்றுகொண்டிருந்தாலும் ஒதுங்கும், சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் ஒதுங்கும், தூங்கி வழிந்தாலும் ஒதுங்கும். "கியரு மாத்துறது நான் இல்ல, இவ முட்டி" என்று ஜன்னலோரத்தில் இருப்பவர்களிடம் அவர் பெருமையடிப்பார். அப்படியே வருசங்கள் ஓடின.

எனக்கு வாய் கொஞ்சம் கூட. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தவள் நான். அத்தனை பிள்ளைகளை மேய்க்க வேண்டுமென்றால் வாய் இல்லாமல் நடக்குமா? "இவ கத்துனா ஹட்டன் டவுனுக்கே கேக்கும்" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று நான் திருப்பிக் கொடுப்பேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் ஒரு காலையில் வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது பாரிசவாதம் வந்தது. வலது கை போயிற்று. வலது கால் போயிற்று. வாயும் போயிற்று. காது நன்றாகக் கேட்டது, புத்தி நன்றாக வேலை செய்தது, சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சுவரைக்கும் வந்தது. அதற்கு மேலே வந்தது வெறும் "ஆ... ஆ..." மட்டும்தான்.

இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறேன். பேச்சும் முக்கால்வாசி திரும்பிவிட்டது. வலது கை மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. இதை இடது கையால்தான் எழுதுகிறேன். அந்த நாட்களில் யாரிடமும் சொல்ல முடியாமல் போன ஒன்றைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு, உடற்பயிற்சி கிளினிக்குக்கு நுவரெலியாவுக்குப் போய் வரச் சொன்னார்கள். வாரம் ஒரு நாள். அங்கே பயிற்சி கொடுத்த பெண் பிள்ளை கெட்டிக்காரி. என் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா, நாங்க தூக்கினா கால் எழும்பும். ஆனா அது காணாது. நீங்க சொல்லணும், கால் கேக்கணும். ஒரு தடவ கேட்டுட்டா போதும், பொறகு வழிக்கு வந்துரும்." அவள் சொன்ன பிறகு எனக்கு வேறு யோசனையே இல்லை. கால் திரும்பாவிட்டால் மிச்ச காலத்துக்கும் மகள்தான் என்னைத் தூக்கி இறக்க வேண்டும். ஹட்டனில் துணிக்கடையில் வேலை செய்கிறவள், கிளினிக் நாளுக்கு லீவு கேட்டு முதலாளியிடம் ஏச்சு வாங்குகிறவள். அவள் ஆயுசுக்கும் எனக்குத் தாதியாக இருப்பதை நினைத்தால் எனக்குப் படுத்த படுக்கையிலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

கிளினிக்குக்குப் பிக்கப்பில்தான் போனோம். வலது பக்கம் அவர், இடது பக்கம் மகள், நடுவில் நான். இரண்டு பக்கமும் ஆள் அண்டக் கொடுத்ததால் எந்த வளைவிலும் நான் சாயவில்லை. ஆனால் முட்டி மட்டும் மரக்கட்டை மாதிரிக் கம்புக்கு முன்னால் நின்றது. அதனால் ஒவ்வொரு தடவையும் கியர் மாற்றுவதற்கு முன்னால் அவர் தன் கையால் என் முட்டியை மெதுவாகத் தள்ளி வைப்பார். "புள்ள, காலு" என்பார். தள்ளுவார். பிறகு கியர் போடுவார். அடுத்த வளைவில் மறுபடியும், "புள்ள, காலு."

நானும் உள்ளுக்குள்ளே காலை அதட்டிக்கொண்டே போவேன். நகரு, மூதேவி, நகரு. கம்பு வருது பார், நகரு. வீட்டில் கட்டிலில் கிடந்து எவ்வளவு அதட்டினாலும் அது கேட்காது. வண்டியில் கம்பைக் கண்டதும்தான் அதற்குப் பழைய பயம் நினைவுக்கு வந்தது போலிருந்தது. ஒரு நாள் நானுஓயா தாண்டி ஏற்றத்தில், அவர் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதும், தொடைக்குள்ளே எதுவோ ஒன்று வெடுக்கென்று இழுத்தது. தூங்குகிற குழந்தையின் கையைத் தொட்டால் அது இழுத்துக்கொள்ளுமே, அப்படி. வெளியே பார்த்தால் முட்டி அசையவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. கால் சாகவில்லை. ஐயோ, நான் சொன்னது அதற்குக் கேட்டுவிட்டது!

சந்தோசத்தில் கத்தினேன். "ஆ... ஆ..." என்றுதான் வந்தது. அவர் பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னா புள்ள, வலிக்குதா? எங்க வலிக்குது?"

"அம்மாவுக்கு வாந்தி வருது போலப்பா" என்று மகள் சொப்பிங் பையை எடுத்து என் வாய்க்கு நேரே பிடித்தாள்.

அப்பனுக்கும் மகளுக்கும் இருக்கிற பாசத்துக்குக் குறைச்சலே இல்லை. புத்திதான் கொஞ்சம் காணாது.

அன்று வீட்டுக்கு வந்து எனக்கு உடுப்பு மாற்றும்போது மகள் அலறிவிட்டாள். என் வலது இடுப்புக்குக் கீழே சேலை கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. அந்த வண்டியின் சீட்டு அப்படி. நீளமான ஒற்றை பெஞ்சு சீட்டு. ரெக்சின் வெடித்து, பஞ்சு கொட்டி, சாக்கையும் பழைய பெட்சீட்டையும் மடித்துப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அதற்குள்ளிருந்த ஸ்பிரிங் ஒன்று உடைந்து, முனை மேலே வந்து, போகும்போதும் வரும்போதும் என்னைக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வலது பக்கம் மரத்துப் போயிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் வந்து காயத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கும் தெரியல, ஒனக்கும் தெரியலயே புள்ள" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கினிகத்தேனைக்குப் போனார். அங்கே அடிபட்ட வாகனங்களையும் பழைய வாகனங்களையும் கழற்றி விற்கிற யார்டு ஒன்று இருக்கிறது. யாரோ ஒரு பணக்காரரின் ஜப்பான் காரிலிருந்து கழற்றிய இரண்டு சீட்டுகளைப் பிக்கப்பின் பின்தட்டில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சாம்பல் நிறத் துணி போட்டது, தலைக்கு அணை வைத்தது, பக்கவாட்டில் ஒரு பிடியை இழுத்தால் பின்னால் சாய்வது. லயத்தில் இருக்கிற அத்தனை பேரும் வந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆளுக்கொரு தடவை உட்கார்ந்தும் பார்த்தார்கள்.

மறுநாள் வெல்டிங் பாஸ் வந்தார்; கைத்தொழில்காரரை எங்கள் பக்கம் பாஸ் என்றுதான் சொல்வோம். பழைய பெஞ்சு சீட்டின் போல்ட்டுகள் துருவேறித் தரையோடு ஒட்டிப் போயிருந்தன. அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. புதுச் சீட்டின் கால்கள் அந்தத் துளைகளுக்குப் பொருந்தவில்லை. பாஸ் இரும்புப் பட்டை வெட்டி, வளைத்து, வெல்டிங் பண்ணி உட்கார்த்தினார். நான் வாசலில் நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. நடுவில் கியர் கம்பு மட்டும் தனியாக நின்றது. என் இடம் இல்லை.

அடப் பாவி மனுசா, என் காலுக்குப் பள்ளிக்கூடமே அதுதானே என்று கத்த வேண்டும் போலிருந்தது. ஊமை கண்ட கனவு என்று சொல்வார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு விளங்கிற்று.

அடுத்த கிளினிக் நாள் என்னை அந்தச் சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, உரமூட்டை கட்டுகிற மாதிரி இறுக்கினார்கள். முன்னால் இரண்டு பேருக்குத்தானே இடம். மகள் பின்தட்டில் தார்ப்பாய்ப் படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு மழைத் தூறலில் உட்கார்ந்து வந்தாள். அவர் அந்தப் பிடியை இழுத்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று இழுத்ததில் நான் மல்லாந்து வண்டியின் கூரையைப் பார்த்தேன். வளைவில் வலது பக்கம் அண்டக் கொடுக்க ஆளில்லை, பெல்ட்டில் தொங்கினேன். அவர் கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கும், கியர் போடும், திரும்பி மேலே போகும். கம்புக்கும் என் முட்டிக்கும் நடுவே ஒரு முழம் வெளி. நான் நகரு, நகரு என்கிறேன். அது எதற்கு நகர வேண்டும்? இடிக்கத்தான் ஒன்றுமில்லையே. பிணம் மாதிரிக் கிடந்தது.

"சொகமா இருக்கா புள்ள?" என்று அவர் கேட்டார்.

அவ்வளவு ஆசையோடு கேட்டார். காயம் ஆறுகிறது, குத்தவில்லை, தன் பெண்டாட்டி பணக்காரன் சீட்டில் சாய்ந்து போகிறாள் என்ற பெருமை முகமெல்லாம். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படவும் முடியவில்லை. ஆனாலும் கோபப்பட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக இருந்தால் கோபம் வராதா?

கழற்றிய பெஞ்சு சீட்டை வீட்டுச் சுவரோரம் தகரக் கூரையின் கீழே போட்டிருந்தார்கள். நான் இடது கையால் அதைக் காட்டுவேன். வண்டியைக் காட்டுவேன். மறுபடி அதைக் காட்டுவேன்.

"அம்மாவுக்கு வெளிய ஒக்காரணுமாம்" என்று மகள் என்னைத் தாங்கிப் பிடித்து அதில் கொண்டுபோய் உட்கார்த்துவாள். ஸ்பிரிங் இருக்கிற பக்கம் தலையணை வேறு வைப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நான் எவ்வளவு காட்டினாலும் எனக்கு வெயில்தான் கிடைத்தது. கிளினிக்கில் அந்தப் பெண் பிள்ளை காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "போன தடவையவிட இறுக்கமா இருக்கே" என்றாள். அன்றைக்கு ராவு நான் தலையணைக்குள் முகத்தை வைத்து அழுதேன்.

அதற்கடுத்த கிளினிக் நாள் காலையில் நான் வண்டியில் ஏறவில்லை. இடது கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, லேட்டாகுதும்மா. நம்பர் போயிரும்" என்று மகள் கெஞ்சினாள்.

நான் பழைய பெஞ்சு சீட்டுப் பக்கம் இழுத்தேன். விழுந்துவிடப்போகிறேன் என்று பயந்து இரண்டு பேருமாக என்னை அங்கே உட்கார வைத்தார்கள். அதோடு நான் எழும்பவில்லை. அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒனக்காகத்தானே புள்ள இவ்வளவும்? சீட்டு தேடி அலஞ்சது யாருக்கு? எனக்கா? போவமாட்டேன்னா என்னா அர்த்தம்? காலு வர வேணாமா ஒனக்கு?"

காலு வர வேணாமா! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது. அதைப் பார்த்ததும் அவர் கோபமெல்லாம் தண்ணீராகிவிட்டது. வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். பழக்க தோசம், வலது பக்கம்தான் உட்கார்ந்தார். அவர் எனக்கு வலது பக்கம், நடுவில் நான். சுவரோரத்தில் பழைய பிக்கப் சீட்டில்.

நான் இடது கையைக் குறுக்கே நீட்டி அவருடைய இடது கையைப் பிடித்தேன். இழுத்துக் கொண்டுவந்து என் வலது முட்டிக்கு முன்னால் வைத்தேன். விரல்களை மடக்கிக் கை பொத்த வைத்தேன். பிறகு அந்தக் கையைப் பின்னால் இழுத்து என் முழங்காலில் ஒரு இடி இடித்தேன். மறுபடியும் முன்னால் தள்ளி, மறுபடியும் இடித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். கையைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார்.

"கியரா?"

நான் தலையை ஆட்டினேன். மறுபடியும் இடித்தேன். காலை விரலால் காட்டினேன்.

"அங்க இருந்தாத்தான் காலு கேக்குதா? அன்னைக்கு ஏத்தத்துல கத்துனியே, அது அதுக்கா?"

ஆமாம், ஆமாம், ஆமாம் என்று தலையை ஆட்டியதில் எனக்குக் கழுத்தே வலித்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர் என் முட்டியை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். பிறகு, "நாசமாப் போச்சு! சொகத்தக் குடுக்குறேன்னு எடத்தப் புடுங்கிட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு நான் எழும்பி, பேசாமல் அந்த ஜப்பான் சீட்டிலேயே ஏறிக் கிளினிக்குக்குப் போனேன். ஒருவருக்கு விளங்கிவிட்ட பிறகு எதையும் தாங்கிக்கொள்ளலாம்.

பழைய பெஞ்சைத் திருப்பி மாட்ட முடியாது என்று பாஸ் கைவிரித்துவிட்டார். அடிச்சட்டம் துருப்பிடித்து உக்கிப் போயிருந்தது. வீட்டுக்காரர் இடது பக்கத்துச் சீட்டை மட்டும் கழற்றி ஏற்றிக்கொண்டு மறுபடியும் கினிகத்தேனைக்குப் போனார். நல்ல சீட்டை ஏன் திருப்பிக் கொண்டுவருகிறீர்கள் என்று யார்டுக்காரர் சிரித்தாராம். இவர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில், வீட்டில் பெண்டாட்டிக்குக் கியருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டுமாம் என்று ஆரம்பித்து முழுக்கதையையும் சொல்லியிருக்கிறார். யார்டுக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே போய், குவிந்து கிடந்த சாமான்களுக்கு அடியிலிருந்து ஒன்றை இழுத்து வந்து போட்டாராம். சின்ன லொறிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காருகிற அகலச் சீட்டு. "நோனாவ இதுல ஒக்கார வைங்க" என்று, மரியாதைக்குச் சொன்ன நோனாவைத் தவிர மற்றதைத் தமிழிலேயே சொன்னாராம்.

அது அகலம் கூட. வைத்தால் கதவு மூடவில்லை. பாஸ் ஓரத்துச் சட்டத்தை வெட்டி ஒட்டினார். உள்ளே இருந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு ரப்பர் பட்டி குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, ஸ்பொஞ்ச் போட்டு, ஹட்டனில் கொடுத்துப் புது ரெக்சின் தைத்தார்கள். முடிந்ததும் என் வீட்டுக்காரர் அதில் இஞ்சு இஞ்சாக உட்கார்ந்து, எழும்பி, குதித்து, எங்கேயாவது குத்துகிறதா என்று சோதனை போட்டார். டிரைவர் பக்கத்தில் மட்டும் ஜப்பான் சீட்டு அப்படியே இருந்தது. ஐயா மட்டும் சொகுசாகப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுபடியும் வலது பக்கம் அவர், இடது பக்கம் மகள், நடுவில் நான். ஆனால் இப்போது அவர் முறையை மாற்றிக்கொண்டார். கையால் முட்டியைத் தள்ளவில்லை. கியர் கம்பை மெல்ல இழுத்து வந்து, முட்டியில் தொட்டும் தொடாமலும் நிறுத்தி, காத்திருந்தார். "காலு, புள்ள. நீ சொல்லு, அது கேக்கும்" என்றார். கேட்கவில்லை என்றால் கடைசியில் தள்ளிவிட்டுப் போடுவார். முதல் வாரம் கேட்கவில்லை. அடுத்த வாரமும் கேட்கவில்லை. தொடைக்குள் அந்த இழுப்பு மட்டும் திரும்பி வந்தது.

பிறகு ஒரு நாள், நானுஓயா தாண்டி அதே ஏற்றம். மூன்றாவது கியரில் வண்டி திணறுகிறது, இரண்டாவதுக்கு இறக்க வேண்டும். கம்பு வந்து என் முட்டியில் தொட்டு நின்றது. அவர் தள்ளவில்லை. எஞ்சின் வெறுமனே உறுமுகிறது, வண்டி வேகம் செத்து ஊர்கிறது, பின்னால் வந்த பஸ்காரன் ஹார்னில் கை வைத்தவன் எடுக்கவில்லை.

"அப்பா, வண்டி நிக்கப் போவுதுப்பா" என்றாள் மகள்.

"நிக்கட்டும்."

"பஸ்காரன் ஏசுறான்பா."

"ஏசட்டும். அவனுக்கென்னா தெரியும்!"

நான் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதட்டவில்லை. அன்றைக்கு ஏனோ, காம்பராவில் முதலடி வைக்கிற பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரி உள்ளுக்குள் கெஞ்சினேன். வா கண்ணு, வா சாமி, ஒரே ஒரு அடி. கால் நடுங்கியது. பிறகு என் முட்டி இடது பக்கம் ஒதுங்கியது. ஒரு விரல் அகலம் இருக்கும். யாரும் தொடவில்லை, யாரும் தள்ளவில்லை. தானாக ஒதுங்கியது.

அவர் பார்த்தார். மகளும் பார்த்தாள். அவர் கியரைப் போட வேண்டியதுதானே? கம்பைப் பிடித்த கையோடு அப்படியே என் முட்டியைப் பார்த்துக்கொண்டு அழுகிறார் மனுசன். வண்டி நின்று பின்னால் உருளப் பார்க்கிறது. பின்னால் பஸ்ஸின் ஹார்ன் மலை அதிர அலறுகிறது. எனக்கு வந்ததே கோபம்!

"கிய...ரப் போ...டுங்க" என்றேன்.

போட்டார்.